நாற்பத்து மூன்று பாறைக்கூவிகள்

மலையில் ஒரே ஒரு பாறைக்கூவிப் பறவை இருந்தவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அரிய உயிர்கள் காப்பு வாரியம் அதை எண்ணிப் பார்க்க வந்தது. அதன் பிறகுதான் அது நாற்பத்து மூன்றாகப் பெருகி, பிழைக்க வழியில்லாமல் போனது.

அந்த மலை பொதுமக்களுக்குச் சொந்தம். அடிவாரத்துப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பொதுமக்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அதே பலகையில் அடுத்த வரியில் எழுதியிருந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கிணறும் அதை ஒட்டி ஒரு மோட்டார் அறையும் இருந்தன. காலையில் மோட்டாரைப் போட்டு ஊருக்குத் தண்ணீர் ஏற்றி, சாயங்காலம் நிறுத்துவது ஒரு மனிதரின் வேலை. எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். குழாயில் தண்ணீர் வரும்வரை அவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வராவிட்டால் அவருடைய பரம்பரையே ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மனைவி இறந்த பிறகு ஊருக்குள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கே அவர் வந்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்காருவார், இன்னொன்றில் சட்டையைத் தொங்கவிடுவார். ஒரே மகள் தொலைதூர நகரம் ஒன்றில், ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருந்தாள். முன்பெல்லாம் வாரம் ஒரு முறை போனில் பேசுவாள். அப்புறம் அவளுக்கு ஷிப்டு மாறி மாறி வந்ததில், அவள் விழித்திருக்கும்போது இவர் தூங்கினார், இவர் விழித்திருக்கும்போது அவள் தூங்கினாள். அதனால் பேசுவதை விட்டுவிட்டுக் குரலைப் பதிவு செய்து அனுப்பப் பழகிக்கொண்டார்கள்.

"அப்பா, சாப்ட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க. அப்புறம் பேசறேன்."

"சாப்ட்டேம்மா. போட்டேம்மா. நீ சாப்ட்டியா?"

இப்படி இருவரும் தவறாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் எதிரே இல்லை, அது ஒன்றுதான் குறை.

பகல் முழுக்க மோட்டார் இரைச்சல் இருக்கும். சாயங்காலம் சுவிட்சை இறக்கியதும் அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருக்கும். அந்த நேரத்தை நினைத்தால் அவருக்கு மத்தியானத்திலிருந்தே பயம் வரும். அந்த நேரத்தில்தான் மலைமேலிருந்து பாறைக்கூவி கூவும். இரண்டு குட்டைச் சீழ்க்கை, பிறகு ஒரு நீளச் சீழ்க்கை. நீளமானது கடைசியில் யாரையோ எங்கே இருக்கிறாய் என்று கேட்பது போல மேலே ஏறி நிற்கும். கூவிவிட்டு அது காத்திருக்கும். பதில் வராது. மறுபடி கூவும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மோட்டார்காரரே வாயைக் குவித்துப் பதில் சொன்னார். வருஷக்கணக்கில் ஈரச் சுவரோடு குடித்தனம் நடத்திய நெஞ்சு அவருடையது. நீளச் சீழ்க்கை முடிந்த கையோடு இரண்டு இருமல் வந்துவிட்டது. பறவை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே திருப்பிக் கூவியது. அன்று முதல் இருட்டும்வரை இருவரும் மாறி மாறிக் கூவிக்கொண்டார்கள். அதை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தது, அது போதுமாயிருந்தது.

மகளுக்கு அதைக் கேட்கவைக்க ஆசைப்பட்டு ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டினார். போனைக் கண்டால் பறவை வாயே திறக்காது. கடைசியில், "இப்படித்தாம்மா கூவும்," என்று தானே கூவி அனுப்பினார்.

"சூப்பரா இருக்குப்பா," என்று மறுநாள் அவள் குரல் வந்தது. "கடைசில ரெண்டு இருமல் வருதே, அதுவும் பறவைதானா?"

அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மலைக்குள் ஒரு வெள்ளை மண் இருப்பது ஒரு கம்பெனிக்குத் தெரியவந்தது. சுவருக்கு அடிக்கும் பெயின்டில் கலந்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியுமாம். உலகத்துக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. பொது நிலத்தில் ஓர் அரிய உயிர் பத்துக்கும் குறைவாக இருந்தால் அங்கே மண்வெட்டியே படக்கூடாது. பாறைக்கூவி அந்த மலையில் ஒன்றுதான் இருப்பதாகப் பழைய கணக்கு சொன்னது. வாரியம் கூடி யோசித்தது. ஒன்று என்பது பழைய தலைமுறை ஆட்கள் காதால் கேட்டு எழுதிய கணக்கு, விஞ்ஞான முறைப்படி மறுபடி எண்ணவேண்டும் என்று முடிவாயிற்று.

விஞ்ஞான முறை எளிமையானது. பறவையின் குரலைப் பதிவு செய்த ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை மலையில் வைத்து ஒலிக்கவிடுவார்கள். பக்கத்தில் அந்தப் பறவை இருந்தால் பதில் கூவும். பதில் வந்தால் ஒன்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். மலை பெரியது என்பதால் வாரியம் ஒரு குழுவுக்குப் பதில் ஆறு குழுக்களை அனுப்பியது. எல்லோரையும் ஒரே விடியற்காலையில் அனுப்பியது. ஆளுக்கொரு சரிவு, சரிவுக்கு நாலைந்து பெட்டி.

அன்று விடிவதற்குள் மோட்டார்காரருக்கு விழிப்பு வந்துவிட்டது. மலை முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. கிழக்கே ஒன்று கூவினால் மேற்கே மூன்று பதில் சொன்னது. உச்சியிலிருந்து ஒன்று, ஓடைப் பக்கமிருந்து இரண்டு. அவர் போர்வையோடு வாசலுக்கு வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பறவைக்குத் துணை வந்துவிட்டது, கூட்டமாகவே வந்துவிட்டது என்று நினைத்தார். பாதி மனசு சந்தோஷப்பட்டது. மீதிப் பாதி, இனி சாயங்காலம் தன்னோடு எதற்குப் பேசப்போகிறது என்று லேசாக வருத்தப்பட்டது. இருந்தாலும் கல்யாண வீட்டு வாசலில் நின்று வாழ்த்துபவர் போல ஒருமுறை சீழ்க்கை அடித்து வைத்தார். இருமலும் வந்தது. மகளுக்கும் உடனே சொன்னார். "அம்மா, மலையில ஒரே கூட்டம்மா. நம்ம ஆளுக்கு நல்ல காலம் வந்துடுச்சு."

பார்த்தே தீரவேண்டும் என்று தோன்றவே, வாழ்க்கையில் முதல் முறையாகப் பலகையைத் தாண்டி மேலே ஏறினார். ஒரு பாறைமேல் கறுப்புப் பெட்டி ஒன்று கூவிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நாற்காலி போட்டு, வட்டத் தொப்பி வைத்த கணக்கெடுப்பு அதிகாரி ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சரிவிலிருந்து பதில் வர வர, கையிலிருந்த எண்ணும் கருவியை டிக் டிக் என்று அமுக்கினார்.

"யாருய்யா அது? நடுவில வராதீங்க. பறவை பயந்துக்கும்."

"ஐயா, அந்தப் பக்கம் கூவறதும் பொட்டிதானுங்களே?"

"பொட்டி கூவும், பறவை பதில் சொல்லும். பதில் வந்தா பறவை. அதான் முறை."

"பதிலே அந்தப் பொட்டியிலேர்ந்துதானுங்க வருது."

தொப்பி அதிகாரி அவரைக் கருணையோடு பார்த்தார். "அந்தப் பக்கம் இருக்கறது வேற டீம். அவங்க பொட்டியப் பத்தி நான் கருத்து சொன்னா எல்லை மீறினதா ஆயிடும்."

அப்போதுதான் மோட்டார்காரர் அதைப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு சாம்பல் பறவை புதரிலிருந்து வெளியே ஓடிவந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது. காலெல்லாம் புழுதி. பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, இறகைக் கோதிச் சரிசெய்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. பெட்டி கூவிமுடித்து நின்றது. உடனே எதிர்ச் சரிவில் இன்னொரு பெட்டி கூவியது. பறவை திரும்பி அந்தப் பக்கம் ஓடியது. விடியற்காலையிலிருந்து அது இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

"ஐயா, ஐயா, அதோ! அதான் பறவை!"

அதிகாரி திரும்பவில்லை. "கூவிச்சா?"

"மூச்சு வாங்குதுங்க. பாவம், எப்படிக் கூவும்?"

"கூவினாத்தான் கணக்கு. ஓடினா கணக்குல சேராது," என்று சொல்லிவிட்டு, மேற்கிலிருந்து வந்த பதிலுக்கு ஒரு டிக் போட்டார்.

அப்படியாக மலையில் நாற்பத்து மூன்று பாறைக்கூவிகள் இருப்பது உறுதியானது. அதில் அந்தப் பாறைக்கூவி சேர்த்தி இல்லை.

மலையைத் தோண்ட ஆட்சேபம் இருப்பவர்கள் வாரியத்துக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம், மலையைப் பார்த்தபடி ஒட்டினார்கள். தற்செயலாகக் காற்றில் கிழிந்து மோட்டார் அறை வாசலில் வந்து விழுந்ததால் மோட்டார்காரருக்கு விஷயம் தெரிந்தது. மலையைத் தோண்டினால் பறவைக்கு இடம் இல்லை. பறவை போய்விட்டால் சாயங்காலத்தில் தனக்கு யாரும் இல்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையை நாற்காலியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வாரியத்தின் கட்டடம் குளுகுளுவென்று இருந்தது. நடைபாதையில் ஒரு தொட்டியில் காய்ந்த குச்சி ஒன்று நின்றது. 'நரைமுள் செடி. அரியது. பாதுகாக்கப்பட்டது' என்று அதன் கழுத்தில் பித்தளைத் தகடு மாட்டியிருந்தார்கள். தகடு பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

கூட்டம் மௌன அஞ்சலியோடு தொடங்கியது. வாரியத்தின் பாதுகாப்பில் இருந்தபோது மறைந்துபோன ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு விநாடி மௌனம் என்பது வழக்கம். ஆரம்பத்தில் எழுந்து நின்றதும் உட்கார்ந்துவிடுவார்களாம். இப்போது கால் கடுப்பதால் உட்கார்ந்தபடியே அஞ்சலி செலுத்தலாம் என்று விதியைத் திருத்தியிருந்தார்கள். அஞ்சலி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுவதால், முடிந்த பிறகே ஊற்றவேண்டும் என்று இன்னொரு திருத்தமும் இருந்தது. மௌனம் முக்கால்வாசி போயிருந்தபோது மோட்டார்காரருக்கு இருமல் வந்துவிட்டது. மௌனம் கலைந்ததால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

பிறகு தலைவர் எழுந்தார். தும்பைப்பூ போல் சட்டை, தும்பைப்பூ போல் தலை.

"நான் பொறுப்புக்கு வந்தப்போ அரிய உயிர்களோட பட்டியல் எவ்வளவு நீளம் தெரியுமா? வாசிச்சு முடிக்க ஒரு கூட்டம் பத்தாது. இன்னைக்கு அரைப் பக்கம். பாதி உயிருங்களை ஏராளமாக்கிட்டோம். மீதிப் பாதி இல்லாமலே போயிடுச்சு. இல்லாத ஒண்ணு அழிஞ்சிடுமோன்னு யாரும் பயப்பட வேண்டியதில்ல பாருங்க. அந்த நிம்மதிய மக்களுக்குக் கொடுத்தது நம்ம வாரியம்தான்."

கை தட்டினார்கள். அடுத்து செடிப் பிரிவின் தலைவி பேசினார். பாறைக்கூவி தின்று போடும் விதையில்தான் நரைமுள் முளைக்கும். வேறு வழியில் முளைக்காது. ஆகவே செடியைத் தனியாக எண்ணுவதில்லை என்று அவர் விளக்கினார்.

"மலையேறிச் செடிய எண்ண எங்ககிட்ட ஆளும் இல்ல, செருப்பும் இல்ல. ஒரு பறவைக்கு இருபது செடின்னு வச்சிருக்கோம். நாப்பத்து மூணு பறவை, அப்போ எண்ணூத்தி அறுபது செடி. எங்க பிரிவு வரலாற்றிலேயே இப்படி ஒரு விளைச்சல் கண்டதில்ல."

ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டபோது மோட்டார்காரர் கையைத் தூக்கினார். மலையில் ஒரு பறவைதான் உண்டு, மற்றதெல்லாம் பெட்டிகள் என்றார். தலைவர் தொப்பி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஆதாரத்தோடு வந்திருந்தார். பதிவான குரல்களில் சிறந்த ஒன்றை ஒலிக்கவிட்டார்.

"இது பதினேழாம் எண் பறவை. அடிவாரத்துல, கிணத்துப் பக்கம் கேட்டது. முதிர்ந்த ஆண். கவனிங்க, கடைசியில ரெண்டு அடிக்குரல் ஓசை வருது. துணையை இழந்த பறவை மட்டும்தான் இப்படிக் குரல் கொடுக்கும்னு எங்க முடிவு. இதுவரைக்கும் உலகத்துல யாரும் பதிவு செஞ்சதில்ல."

இரண்டு குட்டைச் சீழ்க்கை, ஒரு நீளச் சீழ்க்கை, இரண்டு இருமல். மோட்டார்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயா, அது நான்."

சபை அவரை உற்றுப் பார்த்தது. நிரூபிக்கும்படி கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, உதட்டைக் குவித்துக் கூவினார், இருமினார். தொப்பி அதிகாரியின் கை தன்னையறியாமல் டிக் என்று அமுக்கியது. பிறகு அவரே வெட்கப்பட்டு அதை அழித்தார். சட்ட ஆலோசகர் ஒருவர், பாதுகாக்கப்பட்ட உயிரினமாக நடிப்பது குற்றம் என்று தலைவர் காதில் சொன்னார். தலைவர் பெருந்தன்மையோடு கையசைத்தார்.

"வேணாம், விடுங்க. தப்பைத் திருத்திக்க வாரியம் என்னைக்குமே தயங்கினதில்ல. பதினேழாம் எண் பறவை மனுஷன்னு ஒத்துக்கிட்டாரு. நாப்பத்து ரெண்டு."

"செடியில இருபது குறைச்சுக்கறேன்," என்றார் செடிப் பிரிவின் தலைவி.

"மீதி எல்லாம் பொட்டிங்கய்யா," என்று மோட்டார்காரர் கெஞ்சினார். "ஒரே ஒரு நாள் ஒரே ஒரு பொட்டிய வச்சுப் பாருங்க. இல்ல, பொட்டியே வேணாம், சும்மா உக்காந்து கேளுங்க. அது ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு யாருமே இல்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கணம் நிறுத்தினார். தலைவருக்கும் மனசு இளகியது.

"பெரியவர் வருத்தப்படறாரு. சந்தேகத்தோட யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. மறுபடி எண்ணுங்க. இந்தத் தடவை யாரும் குறை சொல்லாதபடிக்குப் பொட்டிய ரெண்டு மடங்காக்குங்க."

இரண்டாவது முறை எண்ணியபோது மலை மூன்று நாள் அலறியது. மோட்டார்காரர் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, அறைக் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் தண்ணீர்த் தொட்டி வழிந்து தெருவெல்லாம் ஓடியது. முதல் முறையாக ஊர் அவரைத் தண்ணீர் வந்ததற்காகத் திட்டியது.

கணக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இது ஏராளம்கூட இல்லை, அளவுமீறிய பெருக்கம் என்று வாரியம் கவலை தெரிவித்தது. இப்படியே விட்டால் பறவைகள் நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். ஆகவே அவற்றின் நன்மைக்காகவே மலையைத் தோண்டலாம் என்று தீர்மானமாயிற்று. பறவைகளுக்கு மாற்று இடமும் ஒதுக்கினார்கள்.

எண்ணியவர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போன அன்று சாயங்காலம் மோட்டார்காரர் சுவிட்சை இறக்கினார். மலை அமைதியாக இருந்தது. காத்திருந்தார். அது கூவவில்லை. இவரே கூவினார், இருமினார், மறுபடி கூவினார். இருட்டும்வரை கூவினார். நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசாத ஊரில் எதற்கு வாயைத் திறப்பது என்று அதற்குத் தோன்றியிருக்கலாம். ஓடி ஓடி எங்கேயாவது விழுந்தும் கிடக்கலாம். பறவைக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. மோட்டார்காரர் அன்று சாப்பிடவில்லை. மனைவி போனபோது வந்தவர்களைக் கவனிக்கும் வேலையில் அழ நேரமில்லாமல் போயிருந்தது. இப்போது கவனிக்க யாரும் இல்லை. உட்கார்ந்து அழுதார்.

மகளுக்கு அனுப்பிய செய்தியில், "பறவை பேசறதில்லம்மா," என்று மட்டும் சொன்னார். "அப்பா, சாப்ட்டீங்களா?" என்று பதில் வந்தது.

மலையைத் தகர்த்தபோது கிணற்றின் ஊற்றும் போயிற்று. ஊருக்கு லாரியில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் மோட்டாருக்கு வேலை இல்லாமல் போனது, மோட்டார்காரருக்கும்தான். வாரியம் அவரைக் கைவிடவில்லை. பறவையோடு பழக்கம் உள்ளவர் என்று சொல்லி மாற்று இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தது. பழைய குப்பைமேட்டைச் சமன் செய்து மண் கொட்டிய வெட்டவெளி அது. மரம் கிடையாது. வரிசையாகக் கம்பங்கள் நட்டு, நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். குரலைக் கேட்டுப் பறவைகள் தாமாகவே நடந்து வந்து குடியேறும் என்பது திட்டம். காலையில் சுவிட்சைப் போட்டு சாயங்காலம் நிறுத்த வேண்டும். வேலை அவருக்குப் பழக்கமானதுதான். நடுவில் கட்டிக் கொடுத்த அறைக்கு இரண்டு நாற்காலியையும் கொண்டுவந்திருந்தார்.

குடியேற்றம் எப்படி நடந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒருநாள் தொப்பி அதிகாரி வந்தார். பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டதால் ஒரு குழு, ஒரு பெட்டி. வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. கம்பங்கள் எல்லாம் வாயடைத்து நின்றன. வெட்டவெளியின் மறுகோடியில் அதிகாரி தன் பேட்டரிப் பெட்டியை ஒலிக்கவிட்டார்.

அறைக்குள் படுத்திருந்த மோட்டார்காரர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு குட்டை, ஒரு நீளம். ஒரே ஒரு குரல். வந்துவிட்டது, தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து பதில் கூவினார். இருமல் வந்தது. மறுபடி அது கூவியது, மறுபடி இவர் கூவினார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். தூரத்தில் தொப்பி தெரிந்ததும் கால் நின்றுவிட்டது.

தொப்பி அதிகாரியோ கண்ணீர் மல்க நின்றிருந்தார். "பதினேழு! அதே அடிக்குரல்! மலையிலேர்ந்து நடந்தே வந்துடுச்சு!"

"ஐயா, அது நான்தான்யா. அன்னைக்கே சொன்னேனே."

விஷயம் தலைவர்வரை போயிற்று. தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். வாரியக் கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கண் கூசியது.

"பெரியவரே, போன தடவை நீங்க சொன்னீங்க, ஒண்ணக் குறைச்சோம். உங்க வார்த்தைக்கு மரியாதை கொடுத்தோமா இல்லையா? இப்பவும் குறைச்சா என்ன ஆகும்? பூஜ்யம். பூஜ்யத்தைப் பாதுகாக்க ஒரு வாரியம் எதுக்குன்னு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. மௌனத்துல வேற ஒரு விநாடி கூடும். உறுப்பினருங்கல்லாம் வயசானவங்க. யோசிச்சுப் பாருங்க."

மோட்டார்காரர் யோசித்துப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பறவைங்கய்யா? நெஜப் பறவை?"

"அதான் கெடைச்சிடுச்சே," என்றார் தலைவர் அன்பாக.

உலகத்தில் எஞ்சிய கடைசிப் பாறைக்கூவி என்பதால் வெட்டவெளியைச் சுற்றி உயரமான வேலி வந்தது. வாசலில் காவல்காரர் ஒருவரைப் போட்டார்கள். உள்ளே ஆள் நடமாட்டம் கூடாது, வண்டிச் சத்தம் கூடாது, போன் கூடாது. மோட்டார்காரரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவிட்ச் போட ஆள் வேண்டும் என்பதால் அவர் உள்ளேயே இருக்கலாம், ஆனால் அடிக்கடி வெளியே போய்வந்து பறவையைக் கலவரப்படுத்தக் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரோ விடிவதற்குள் வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலத்தில் பெட்டிகளை நிறுத்தியதும் அவர் ஒருமுறை கூவுவார். பழக்கதோஷம். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

ஒருநாள் அப்படிக் கூவிவிட்டு எழுந்து உள்ளே போகும்போது வாசல் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். இன்னொரு கணக்கெடுப்பு என்று நினைத்து அவர் திரும்பக்கூட இல்லை. சீழ்க்கையும் அவ்வளவு நன்றாக இல்லை, காற்றுத்தான் அதிகம். ஆனால் நீளச் சீழ்க்கை முடிந்ததும் இரண்டு இருமல் கேட்டது.

மோட்டார்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எந்தப் பறவையும் அப்படி இருமாது. எந்தப் பெட்டியும் இருமாது. பதினேழாம் எண்ணின் இருமலை இத்தனை அக்கறையாகக் கேட்டு மனப்பாடம் செய்தவள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

அவளும் வேறு வழி தெரியாமல்தான் கூவினாள். அப்பாவிடமிருந்து குரலே வராமல் போனதும் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு பையும் முகத்தில் பஸ் தூக்கமுமாக, மத்தியானத்திலிருந்து காவல்காரரோடு மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா உள்ள இருக்காருண்ணே. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"உள்ள மனுஷங்க இருக்கறதா எனக்குச் சொல்லலம்மா. ஒரு பறவை இருக்கு. அத யாரும் பாக்கக்கூடாது. நானே பாத்ததில்ல."

சாயங்காலம் உள்ளிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டதும்தான் அவள் வாதாடுவதை நிறுத்தினாள். வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டு, போனில் நூறு முறை கேட்டதை அப்படியே திருப்பிக் கூவினாள்.

வெட்டவெளியின் நடுவிலிருந்து பதில் வந்தது. முன்னைவிடப் பலமாக வந்தது. இரண்டாவது இருமலுக்குப் பிறகு தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி ஏதோ ஒரு சத்தமும் வந்தது. அதை எந்த அதிகாரியும் இதுவரை பதிவு செய்திருக்கவில்லை.

காவல்காரர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! சத்தம் போடாதம்மா. கேட்டுச்சா? அதான் அது. உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்காம்."

"தெரியும்ண்ணே," என்றாள் மகள்.